காவல் நாயும் பரணர் பாட்டும்

(வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்று விரித்து எழுதப்பெற்றது.)

இன்றைய உரையின் தலைப்பு அழைப்பிதழில் வெளியான மறுநாளே நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "பத்து ஆண்டுகளாகச் சங்கப் பாட்டும் கம்பனும் பேசிய வட்டம் கணிப்பொறி விளையாட்டுக்கு இறங்கிவிட்டதா?" என்று கேட்டார். அவர் இப்போது இரண்டாவது வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவருடைய கேள்வி நியாயமானது. ஓராண்டுக்கு முன்னர் வேறொருவர் இத்தலைப்பில் பேச முன்வந்திருந்தால் நானே அக்கேள்வியைக் கேட்டிருப்பேன். என் மனம் மாறியதற்குக் காரணமான செய்தி என் வீட்டில் நடந்தது. அதில் தவறு செய்தவன் நான். ஆகவே கொஞ்சம் தயக்கத்துடனேதான் தொடங்குகிறேன்.

லஸ் முனையிலிருந்து மந்தைவெளி வரை பின்தெருக்கள் வழியாக நடந்து பழகியவர்களுக்குத் தெரியும். இப்பகுதியில் எஞ்சியிருக்கும் தனி வீடுகளின் இரும்புக் கதவுகளில் 'நாய்கள் ஜாக்கிரதை' என்னும் பலகை தொங்கும். பலகை இருக்கும், பல வீடுகளில் நாய் இராது. எப்போதோ இருந்து இறந்த நாயின் பெயரால் பலகை மட்டும் பணிபுரிந்துகொண்டிருக்கும். வண்ணம் உதிர்ந்த அந்த எழுத்துகளைப் படித்தவுடன் நம் கால் தானாகவே ஓரடி பின்வாங்குகிறது. உள்ளே எங்கேனும் சங்கிலி ஓசை கேட்கிறதா என்று செவி கூர்மையடைகிறது. எழுத்தினால் மட்டுமே ஆன ஒரு நாய் நம்மைத் தடுத்து நிறுத்திவிடுகிறது. இது இன்று நேற்று வந்த வழக்கமன்று. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதையுண்ட பாம்பெய் நகரத்து வீடொன்றின் வாயில் தரையில், சிறு சிறு கற்களைப் பதித்து, சங்கிலியால் கட்டிய நாயின் உருவமும் அதன் கீழே 'நாய், எச்சரிக்கை' என்னும் பொருள்பட இலத்தீன் சொற்களும் அமைத்திருக்கிறார்கள். அந்த உருவத்தையாவது கண்ணால் காணலாம். நம் மயிலாப்பூர் நாய்க்கு எழுத்தைத் தவிர வேறு உடம்பு இல்லை.

'டெக்ஸ்ட் அட்வென்ச்சர்' என்று சொல்லப்படும் எழுத்துச் சாகச விளையாட்டு என்பது ஏறத்தாழ இந்தப் பலகைதான். அதிலே படம் கிடையாது, ஒலி கிடையாது. திரையில் சில வாக்கியங்கள் தோன்றும். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், எதிரே என்ன இருக்கிறது என்று அவை சொல்லும். அடுத்து என்ன செய்வது என்பதை நீங்கள் சொற்களால் தட்டெழுத வேண்டும். அதற்கு ஒரு விடை வரும். படிப்பதும் எழுதுவதும் தவிர அதில் வேறு வேலையே இல்லை. இளைஞர்கள் படிப்பதில்லை என்று வருந்தும் நாம் இச்செய்தியைச் சற்றே கவனிக்கலாம்.

இவ்வகை விளையாட்டின் முதல் நூல் என்று கொள்ளத்தக்கது அமெரிக்காவில் வில் கிரவுதர் என்பவர் 1975, 76 ஆண்டுகளில் எழுதியது. கிரவுதர் கணிப்பொறி வல்லுநர். அத்துடன் குகைகளில் இறங்கி அளந்து வரைபடம் எழுதுவதில் பெருவிருப்புடையவர். கெண்டக்கி மாநிலத்து மாமத் குகையை அவரும் அவர் மனைவி பட்ரீஷியாவும் அளந்திருக்கிறார்கள். பின்னர் மணமுறிவு நேர்ந்தது. தந்தையிடம் வந்து போகும் இரு பெண் குழந்தைகளுக்காக, தாம் அறிந்த அந்தக் குகையையே சொற்களில் கட்டி, அதிலே கொஞ்சம் மாயமும் புதையலும் சேர்த்து, அவர்கள் விளையாடக் கொடுத்தார். கணிப்பொறி அறியாதவர்களும் அச்சமின்றி ஆடும்படி எளிய சொற்களால் அது இயங்க வேண்டும் என்பது அவர் கருத்து. 1977இல் ஸ்டான்ஃபோர்டில் இருந்த டான் உட்ஸ் என்பவர் அதனைப் பெரிதாக விரித்தார். முதலில் ஒருவர் இயற்ற, பின்னால் ஒருவர் விரிப்பது நம் இலக்கிய வரலாற்றிலும் புதிதல்ல.

அந்தக் குகையில் மலையரசனின் கூடம் என்று ஓர் இடம். அங்கே ஒரு பாம்பு வழியை மறித்துக் கிடக்கிறது. வெட்டினாலும் அடித்தாலும் அது நகராது. முன்னே ஓர் அறையில் ஒரு சிறு பறவை இருக்கிறது. கூண்டும் வேறோரிடத்தில் கிடைக்கிறது. ஆனால் கையில் கறுப்புக் கோல் ஒன்றை வைத்திருந்தால் பறவை அஞ்சி அகப்படாது. கோலைக் கீழே வைத்தால்தான் பறவையைப் பிடிக்கலாம். அதைக் கொண்டுவந்து பாம்பின் எதிரே திறந்துவிட்டால், அச்சிறு பறவை அப்பெரும் பாம்பைத் துரத்திவிடும். 'கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம்' என்று நாம் அலுத்துக்கொள்வோமே, அந்தப் பழமொழியையே ஒரு விளையாட்டாக்கி வைத்தாற்போன்ற அமைப்பு. கல் ஓரிடத்திலும் நாய் ஓரிடத்திலும் இருக்கும். இரண்டையும் ஒன்று சேர்ப்பதே ஆடுவோன் வேலை. உட்ஸ் சேர்த்த பகுதியில் ஒரு பறவைநாகம் உண்டு. அதைக் கொல் என்று எழுதினால், 'எதைக் கொண்டு? வெறுங்கையாலா?' என்று ஏளனமாகக் கேட்கும். 'ஆம்' என்று விடை எழுதினால், பறவைநாகம் இறந்து விழும்! நான் இதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தேன். கேள்வி ஏளனக் கேள்வி என்று எண்ணி ஒதுங்கிப் போனவர்கள் தோற்றார்கள்.

காவல் விலங்கைக் கடக்கும் வழிகளைப் பழங்காவியங்களும் எண்ணிப் பார்த்திருக்கின்றன. வர்ஜில் காவியத்தில் கீழுலக வாயிலைக் காக்கும் மூன்று தலை நாய்க்குத் தேனும் மருந்தும் கலந்த அப்பத்தை எறிந்து உறங்கச் செய்கிறார்கள். அஃது இலஞ்சம். நம் அனுமனோ கடலைத் தாவும்போது, தன் வாய்க்குள் புகாமல் எவரும் போகலாகாது என்று மறித்த சுரசையின் முன் ஓங்கி வளர்ந்து, அவள் வாயை அதற்கேற்பப் பிளந்தபோது சட்டென்று சிறுத்து, உள்ளே நுழைந்து வெளியே வந்துவிடுகிறான். அவள் விதித்த விதியும் நிறைவேறிற்று. அவன் பயணமும் கெடவில்லை. அங்காரதாரையிடம் இந்த உபாயம் செல்லாது; அவள் வயிற்றைக் கிழித்துத்தான் வெளிவர வேண்டியிருந்தது. இலங்கை வாயிலில் காவல் தெய்வத்துக்கு ஓர் அடி. ஒவ்வொரு காவலுக்கும் ஒவ்வொரு திறவுகோல். கம்பனில் ஊறிய இந்த அவைக்கு இதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

என் மகள் வயிற்றுப் பேத்தி அடையாற்றில் பெற்றோருடன் இருக்கிறாள். எட்டாம் வகுப்பு முடித்தவள். பள்ளியில் அவளுக்கு இரண்டாம் மொழி பிரெஞ்சு. தமிழ் நன்றாகப் பேசுவாள். படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டி, பாதியில் நிறுத்தி, "நீங்களே படிச்சுடுங்க தாத்தா" என்பாள். சனிக்கிழமைதோறும் மயிலாப்பூருக்கு வருவாள். சென்ற கோடை விடுமுறையில் ஒரு சனிக்கிழமை, மடிக்கணினியை என் முன்னே வைத்து, "தாத்தா, இது உங்களுக்காகத் தமிழ்ல பண்ணினேன்" என்றாள். திரையிலே இப்படி இருந்தது:

நீங்கள் ஒரு பழைய வீட்டின் கேட்டுக்கு வெளியே நிற்கிறீர்கள். கேட்டுக்கு உள்ளே ஒரு நாய் படுத்திருக்கிறது. திண்ணையில் ஒரு புத்தகம் இருக்கிறது. உங்கள் கையில் ஒரு பொறை இருக்கிறது. என்ன செய்யப் போகிறீர்கள்?

பொறை என்பது தேநீர்க் கடைகளில் கண்ணாடிப் புட்டியில் இருக்கும் அந்த வறண்ட ரொட்டித் துண்டு. சென்னைத் தெருநாய்களுக்கு நித்திய நைவேத்தியம். ஒரே ஓர் இடம், ஒரு நாய், ஒரு பொறை, ஒரு புத்தகம். அவ்வளவுதான் அவள் அமைத்த உலகம். புத்தகத்தை எடுத்து வந்துவிட்டால் வெற்றி.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? குழந்தை தமிழில் ஐந்து வாக்கியம் எழுதியிருக்கிறாளே என்று மகிழ்ந்திருக்க வேண்டும். நாற்பது ஆண்டுகள் பிறர் எழுத்தில் பிழை திருத்தியே கழித்த கை சும்மா இருக்குமா? 'ஞமலிக்கு உணவு ஈக' என்று தட்டெழுதினேன். 'புரியவில்லை' என்று வந்தது. 'நாய்க்குப் பொறையைக் கொடு' என்றேன். அதற்கும் 'புரியவில்லை'. 'பொறை கொடு' என்றபோதுதான் நாய் வாலை ஆட்டிற்று. "இதற்கு வேற்றுமை உருபும் தெரியவில்லை, வல்லினம் மிகுவதும் தெரியவில்லை, இது என்ன தமிழ்? மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதினாற்போல் இருக்கிறது" என்றேன். 'கேட்' என்பது தமிழ்ச் சொல்லா என்றும் ஒரு குத்துக் குத்தினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மடிக்கணினியை மூடிக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை நானே கேட்டு வாங்கிப் பார்த்தேன். விளையாட்டு முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. நாய் ஆங்கிலத்தில் குரைத்துக்கொண்டிருந்தது. "இப்ப தப்பே வராது தாத்தா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நிம்மதியாகச் சொன்னாள். அந்த நிம்மதிதான் என்னை இரண்டு நாள் உறங்கவிடவில்லை.

அன்பர்களே, கதவருகே ஒரு காவல் விலங்கை நாமும் கட்டி வைத்திருக்கிறோம். தமிழுக்குள் நுழைய வருகிற பிள்ளையைப் பார்த்து அது முதலில் குரைக்கிறது. அந்த வீட்டில் அன்று குரைத்தவன் நானே.

மூன்றாம் நாள் நான் அடையாறு சென்றேன். தவறு என்னுடையது என்று சொல்லி, "உன் பொறிக்குத் தமிழ் ஏன் புரியவில்லை என்று எனக்குக் கற்றுக்கொடு" என்று கேட்டுக்கொண்டேன். அப்போதுதான் எனக்கு விளங்கிற்று, குறை அவளுடைய தமிழில் இல்லை என்பது. அந்தப் பழைய குகை விளையாட்டு ஒன்றிரண்டு சொற்களாலான ஆணைகளையே அறியும். முதலில் வினை, அடுத்து பெயர். அந்தச் சொல்லிலும் முதல் ஐந்து எழுத்துகளை மட்டும் பார்த்து இன்ன சொல் என்று முடிவு செய்துவிடும். ஆங்கிலச் சொல் பெரும்பாலும் உருமாறாமல் நிற்பதால் அதற்கு இது போதும். பேத்தி படித்த பாடமும் அந்த வழியிலேயே அமைந்தது. தமிழில் வினை கடைசியில் வருகிறது. பெயரோ உருபு ஏற்கும், சாரியை பெறும், ஒற்று மிகும். 'புத்தகம்' என்று அகராதியில் எழுதி வைத்தால், ஆடுகிறவர் 'புத்தகத்தை' என்கிறார். ஈற்று மகரம் போய்விட்டது. அத்துச் சாரியை வந்துவிட்டது. பொறி என்ன செய்யும், பாவம்!

எழுத்தை எண்ணுவதிலும் ஒரு வேடிக்கை. 'நாய்க்கு' என்பதில் எத்தனை எழுத்து? நா, ய், க், கு என நான்கு என்று நாம் சொல்வோம். கணிப்பொறி எட்டு என்றது. நகரம் ஒன்று, கால் ஒன்று, யகரம் ஒன்று, அதன் புள்ளி ஒன்று என்று யூனிகோட் முறையில் உறுப்புகளைத் தனித்தனியே எண்ணுகிறது. 'கதவு' மூன்றெழுத்து, பொறிக்கு நான்கு. உயிர்மெய்யை ஓரெழுத்தாகக் கொள்ளும் நம் கணக்கைப் பொறிக்குச் சொல்லிக் கொடுக்க, பேத்தி தனியே சில வரிகள் எழுத வேண்டியிருந்தது. அதற்காகவே மெய், உயிர்மெய், புள்ளி என்பவற்றை அவள் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பள்ளியில் மதிப்பெண்ணுக்காகக் கூட இவ்வளவு ஆர்வத்துடன் எந்தப் பிள்ளையும் எழுத்ததிகாரம் கேட்டு நான் பார்த்ததில்லை. தமிழ் எழுத்துகளைக் கணிப்பொறியில் ஏற்றவே ஒவ்வொருவரும் ஒவ்வோர் எழுத்துரு வைத்துத் தடுமாறிய காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். 1999 பிப்ரவரியில் இந்நகரில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித்தான் தமிழ்99 விசைப்பலகை வந்தது. அந்த அடிப்படையெல்லாம் இல்லாதிருந்தால் ஒரு சிறுமி வீட்டில் உட்கார்ந்து இதைச் செய்திருக்க இயலாது.

உருபுகளுக்கு வந்தபோது எனக்குப் பெருமிதம் ஏற்பட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 'நாய்க்குப் பொறையைப் போடு', 'பொறையை நாய்க்குப் போடு' என்று எப்படி மாற்றிச் சொன்னாலும் தமிழில் பொருள் கெடாது. ஐ உருபு ஏற்றது எறியப்படுவது. கு உருபு ஏற்றது பெறுவது. வரிசையைப் பார்க்கவே வேண்டாம். உருபைப் பார்த்தால் போதும். ஆங்கிலத்தில் இந்த வசதி இல்லாமையால், யார் யாருக்கு என்று தெரிய இடைச்சொல்லும் சொல் நிரலும் வேண்டும் என்று பேத்தியே கண்டுபிடித்துச் சொன்னாள். "தாத்தா, கேஸ் எண்டிங் பார்த்தா எல்லாமே தெரியுது. தமிழ் ஈஸி" என்றாள். வேற்றுமையை எட்டாக வகுத்த தொல்காப்பியனார் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். தொகைநிலையும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது; 'பொறை போடு' என்று ஐ உருபு மறைந்து வந்தாலும் பொருள் கொள்ளவேண்டும் அல்லவா? அவள் முதலில் எழுதியிருந்தது அந்தத் தொகையைத்தான். நான் அதனைப் பிழை என்று கருதிப் பழித்தேன்! ஒற்றைப் பொறுத்தவரை, ஆடுகிறவர் க், ப் விட்டு எழுதினாலும் பொறி பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று தீர்மானித்தோம். இந்தத் தீர்மானத்துக்கு நான் உடன்பட்டது என் வாழ்நாளிலேயே ஒரு பெரிய சமரசம்.

ஈ, தா, கொடு என்னும் மூன்றையும் அவளுக்கு விளக்கினேன். இழிந்தோன் கேட்பது ஈ, ஒப்போன் கேட்பது தா, உயர்ந்தோன் கேட்பது கொடு என்பது எச்சவியல். "அப்ப நாய் கேட்டா என்ன சொல்லும்?" என்றாள். "ஈ என்று சொல்லும்" என்றேன். "எங்க தெரு நாய் கொடுன்னுதான் சொல்லும் தாத்தா" என்றாள். அடையாற்றுத் தெருநாய்களை நான் அறிவேன். மறுத்துப் பேச இயலவில்லை.

ஞமலி, ஞாளி, சுணங்கன் என்னும் சொற்களையும் அவளே கேட்டு வாங்கி அகராதியில் சேர்த்தாள். இப்போது 'ஞமலிக்கு உணவு ஈக' என்று எழுதினால், நாய் ஒரு கணம் தலையைச் சாய்த்துப் பார்த்து, 'யாரோ புலவர் வந்திருக்கிறார்' என்பதுபோல் எழுந்து நின்று, பிறகுதான் தின்கிறது. அது என்னைப் பற்றிய கேலி. எனக்கு உரியதே.

ஞமலி எங்கே வருகிறது என்று அவள் கேட்டதிலிருந்துதான் பரணர் வந்தார். அகநானூற்றில் 122ஆம் பாட்டு. அகநானூறு முதன்முதலில் அச்சேறியது நம் மயிலாப்பூரில், கம்பர் விலாசம் இராஜகோபாலையங்கார் முயற்சியால், என்பதை இந்த அவையில் நினைவுகூர்வது தகும். அப்பாட்டில் களவொழுக்கத்தில் இரவுக்குறிக்கு வரும் தலைவனுக்கு நேரும் தடைகளைத் தலைவி தோழியிடம் அடுக்கிச் சொல்கிறாள். விழா இல்லாவிட்டாலும் இந்த ஆரவார ஊர் தூங்காது. கடைத்தெருவும் மற்றத் தெருக்களும் அடங்கினால் கடுஞ்சொல் அன்னை தூங்கமாட்டாள். அன்னை தூங்கினால் ஊர்காவலர் சுற்றி வருவர். அவர்கள் தூங்கினால் கூரிய பல்லும் வலப்புறம் சுருண்ட வாலும் உடைய நாய் குரைக்கும். நாய் அடங்கினால் நிலவு பகல்போல் காயும். நிலவு மலையில் மறைந்து இருள் சூழ்ந்தால், வீட்டெலியைத் தின்னும் கூகை நள்ளிரவில் குழறும். கூகை அடங்கினால் கோழி கூவிவிடும். இவை ஏழும் ஒருசேர அடங்கிய ஒரு நாளிலோ, அவர் வரவில்லை. நொச்சிவேலி சூழ்ந்த தித்தனது உறையூரின் புறத்தே உள்ள கற்கள் நிறைந்த காவற்காடு போல, எத்தனை முட்டுப்பாடுகள் நம் களவுக்கு என்று முடிக்கிறாள்.

பாட்டை நான் சொல்லச் சொல்ல, பேத்தி விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். "இது செமையான கேம் தாத்தா. செவன் லெவல்" என்றாள். அன்றே தொடங்கிவிட்டாள். ஆடுபவன் தலைவன். ஊர், அன்னை, காவலர், நாய், நிலவு, கூகை, கோழி என்று ஏழு காவல். நாய்க்கு என்ன போடலாம் என்று கேட்டாள். பொறை சங்க காலத்தில் இல்லையென்பதால் ஊன்துண்டு என்று வைத்தோம். நிலவை என்ன செய்வது? கூகைக்கு என்ன கொடுப்பது? எலி என்றேன், பரணரே குறிப்புக் கொடுத்திருக்கிறார். அன்னையை எவ்வாறு கடப்பது என்பதில் எங்களுக்குள் ஒருமைப்பாடு ஏற்படவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தாள். குரலில் சலிப்பு. "தாத்தா, பாட்டுல தப்பு இருக்கு. ஏழும் தாண்டிட்டா ஜெயிக்கணும். ஆனா ஏழும் தூங்கின அன்னிக்கு அவர் வரலைன்னு இருக்கு. அப்ப யார் விளையாடறது?"

இந்தக் கேள்வியை என்னிடம் ஐம்பது ஆண்டுகளில் எவரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. பல முறை பாடம் சொன்ன பாட்டு. தடைகளின் அடுக்கழகு, உவமையின் சிறப்பு, பரணர் வரலாற்றுச் செய்திகளைப் பொதிந்து வைக்கும் திறம் என்றெல்லாம் பேசியிருக்கிறேன். ஆனால் அந்தக் காவல்களுள் ஒன்றையும் தலைவன் வெல்வதாகப் பாட்டில் இல்லை என்பதை அன்றுதான் கவனித்தேன். அவன் நாய்க்கு எதுவும் எறியவில்லை. கூகையைத் துரத்தவில்லை. காவல்கள் தாமே அடங்குகின்றன, அல்லது அடங்காதிருக்கின்றன. பாட்டு முழுவதிலும் அவன் ஒரு செயலும் செய்வதில்லை. கடைசியில் வராமல் இருப்பது ஒன்றுதான் அவன் செய்வது.

இவ்விளையாட்டுகளில் திரை எப்போதும் 'நீங்கள்' என்றே ஆடுபவரை விளிக்கும். அந்த 'நீங்கள்' யார் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். நாங்கள் அவசரத்தில் தலைவன் என்று கொண்டுவிட்டோம். பாட்டில் பேசுகிறவள் வேலிக்கு உள்ளே இருக்கிறாள். நாய் அவள் வீட்டு நாய். அதைக் கடக்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. ஆனால் அது குரைத்தால் இடர்ப்படுகிறவள் அவள்தான். உலகத்துக் காவல் விலங்குக் கதைகள் நான் அறிந்தவரை எல்லாம் வெளியே நிற்பவன் கதைகள். குகைப் பாம்பும் மூன்று தலை நாயும் சுரசையும் அவ்வாறே. உள்ளே இருந்து அந்தக் குரைப்பைக் கேட்டுக்கொண்டிருப்பவளின் கதையைப் பரணர் பாடியிருக்கிறார்.

இதைச் சொன்னதும் பேத்தி முன்னர் எழுதியதை எல்லாம் அழித்துவிட்டாள். நான் பதறினேன், அவளுக்குக் கவலையில்லை. புதிய விளையாட்டில் ஆடுபவர் தலைவி. வீட்டை விட்டு வெளியே செல்ல முடியாது. 'காத்திரு' என்று எழுதலாம். ஊர் அடங்கும். மறுபடி 'காத்திரு'. அன்னை இருமுவது கேட்கும். மறுபடியும் 'காத்திரு'. இப்படி நாய், நிலவு, கூகை, கோழி. சில இரவுகளில் நாய் குரைக்கும். ஆட்டம் தொடக்கத்துக்குப் போய்விடும். ஏழும் அடங்கும் இரவு அரிதாக ஒருமுறை வாய்க்கும். அப்போது திரையில் 'அவர் வரவில்லை' என்று மட்டும் தோன்றும். நான் ஆடிப் பார்த்தேன். பதினோராவது இரவில் எனக்கு அந்த வாக்கியம் வந்தது. எழுபது வயதைக் கடந்தவன். பாட்டு எனக்கு மனப்பாடம். ஆயினும் அதைத் திரையில் கண்டபோது நெஞ்சு ஒரு கணம் கனத்தது.

அப்படியானால் ஆட்டத்திற்கு முடிவே இல்லையா? இங்கேதான் துறை விளக்கம் கைகொடுத்தது. தலைவன் சிறைப்புறமாக நிற்க, அவன் கேட்கும்படி, தோழிக்குச் சொல்வதுபோல் தலைவி சொல்லியது என்பது இப்பாட்டின் துறை. சிறைப்புறம் என்றால் வேலிக்கு அப்பால். வரவில்லை என்று எவனைச் சொல்கிறாளோ அவன் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். இனி இரவில் வந்து பயனில்லை, மணந்துகொள்வதே வழி என்று அவனை உணர்த்துவது அவள் கருத்து. வரைவு கடாதல் என்பது இதற்குப் பெயர். ஆகவே தலைவியால் செய்ய இயலும் செயல் ஒன்று உண்டு. பேத்தி அதனை உடனே பிடித்துக்கொண்டாள். 'தோழியிடம் சொல்' என்று எழுதினால் ஆட்டம் முன்னேற வேண்டும். மடக்கி மடக்கி ஏழு காவலையும் சொல்லும் அந்தப் பாட்டே இவ்விளையாட்டின் திறவுகோல்.

ஒரு சிக்கல் எஞ்சியது. "அவர் வேலிக்கு வெளியில நிக்கறது தலைவிக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும், தெரியாததுபோல் பேசுகிறாள் என்றேன். "அப்ப விளையாடறவங்களுக்குத் தெரியணுமா?" இதற்கு எனக்கு விடை கூற இயலவில்லை. பாட்டில் அச்செய்தி இல்லை. துறைக் குறிப்பில் இருக்கிறது. குறிப்பை நீக்கிப் பாட்டை மட்டும் படிப்பவருக்கு வேலிக்கு அப்பால் இருள்தான். பெசன்ட் நகரில் உ.வே.சா. நூல்நிலையத்துப் பக்கம் போய்வரும் போதெல்லாம் இதையே எண்ணிக்கொண்டிருந்தேன். ஏடுகளில் இந்தத் துறைக் குறிப்புகள் கிடைக்காமற் போயிருந்தால் நாம் எத்தனை பாட்டுகளைத் தனிமைப் புலம்பல் என்றே கொண்டிருப்போம்!

சென்ற வாரம் அவள் ஆட்டத்தை முடித்துக் காட்டினாள். என்னையே ஆடச் சொன்னாள். இரவுகள் கழிந்தன. ஏழும் அடங்கின. அவர் வரவில்லை. 'தோழியிடம் சொல்' என்று தட்டெழுதினேன். மகர ஒற்றோ வல்லொற்றோ எதிலும் பிழையில்லை. திரையில் இரண்டு வரி தோன்றிற்று:

நாய் தலையைத் தூக்கி வேலிப் பக்கம் பார்க்கிறது. வாலை ஒருமுறை தரையில் தட்டிவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொள்கிறது.

அதற்குமேல் ஒன்றும் இல்லை. வெற்றி என்றோ தோல்வி என்றோ வரவில்லை. நான் சற்றுப் பொறுத்து, "ஆள் நிற்கிறான் என்றால் நாய் குரைக்க வேண்டாமா?" என்று கேட்டேன்.

"தினமும் வர்றவர்தானே தாத்தா. தெரிஞ்சவங்களைப் பார்த்து நாய் குரைக்காது" என்றாள்.